கரி டப்பா குடித்த பெட்ரோல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்டுக்கல் ரோட்டில், ஒரு பஸ்ஸுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்த ஒரு காரை நீங்கள் பார்த்திருக்கலாம். முந்திப் போக இடம் இருந்தும் போகாமல், பஸ் நின்ற இடத்தில் எல்லாம் தானும் நின்று, பின்னால் வந்த லாரிக்காரர்களிடம் குலம் கோத்திரம் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொண்டு...

அதை ஓட்டியது நான்தான்.

பஸ்ஸுக்குள் என் மகள் கவிதா இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. காலையில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவளைக் கூட்டி வரப் போன கார், என்னையும் ஒரு டேங்க் பெட்ரோலையும் மட்டும் சுமந்துகொண்டு பின்னால் வந்தது.

இந்தக் கேவலம் எப்படி நடந்தது? முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். சொல்லித்தான் ஆக வேண்டிய நிலைமை.

கவிதா எங்களுக்கு ஒரே பெண். வாடிப்பட்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குத் திருப்பூரில் வேலை, மாதத்தில் இரண்டு நாள்தான் ஊருக்கு வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று தங்கி, நாலாம் மாதம் கலைந்து போனது. அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் வீட்டில் டி.வி. ஓடவில்லை. இப்போது மறுபடியும் உண்டாகி, ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார் — உடம்பு குலுங்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, பஸ் கூடவே கூடாது.

"பஸ்ஸா? நான் என்னத்துக்கு இருக்கேன்? கார்ல பொத்திக் கொண்டாந்துருவேன் சம்மந்தி" என்று போனில் வாக்குக் கொடுத்தேன். அப்படிச் சொல்லும்போது தோள் கொஞ்சம் உயர்ந்தது உண்மைதான்.

ஆனால், என் காரில் ஒரு கோளாறு. இரண்டு மாதமாக உள்ளே பெட்ரோல் வாடை. மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் லைட் வேறு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. போன மாதம் செக்கப்புக்குக் கவிதாவை ஏற்றினேன். காளவாசல் சிக்னல் தாண்டவில்லை, கதவைத் திறந்து வாந்தி எடுத்துவிட்டாள். "பெட்ரோல் பங்க்குக்குள்ள படுத்துக் கெடந்த மாதிரி இருக்குப்பா" என்றாள். வாந்தி எடுக்கும்போது இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளைப் பார்த்ததில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் பாண்டி வந்து மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "கேனிஸ்டர் போச்சுண்ணே. கூடவே அந்த வால்வும்."

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். டேங்கில் இருக்கும் பெட்ரோலில் இருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்குமாம். அதை ஊரில் விடாமல் பிடித்து வைக்க ஒரு கறுப்பு டப்பா, உள்ளே கரித்தூள். பிடித்த ஆவியை இஞ்சினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி எரிக்க ஒரு குட்டி வால்வு. புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு வந்த வண்டிகளில் எல்லாம் இது இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கும். நாம் அது இருப்பதே தெரியாமல் சாகலாம்.

"உடனே மாத்திருங்க பாண்டி."

"நான் குலசாமி கும்புட ஊருக்குப் போறேன்ணே. செவ்வாக்கெழமைதான் வாரேன்."

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. வேறு மெக்கானிக்கிடம் போனால் வண்டியை விட்டுட்டுப் போங்க என்பார்கள். எப்போது திரும்பி வரும் என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு வீம்பு வந்தது. என் பிள்ளைக்கு நானே செய்கிறேன். பேனாவைத் தவிர எதையும் திருகாத கை என்றால் என்ன, ஸ்பேனர் என்ன கடித்துவிடுமா?

பாண்டி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு டவுனுக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அண்ணன் தம்பி இருவரும் சீட்டை வைத்துக்கொண்டு சௌராஷ்டிர பாஷையில் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது 'கேனிஸ்டர்' ஒன்றுதான். பிறகு தம்பி பரணில் ஏறி, சரியான டப்பாவையும் வால்வையும் எடுத்துக் கொடுத்தார். "நல்ல பார்ட்டு சார், கண்ண மூடிட்டு மாட்டுங்க" என்றார். இந்த வாக்கியத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டப்பாவில் இருந்து கிளம்பிய மூன்று ரப்பர் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எது டேங்குக்குப் போவது, எது இஞ்சினுக்குப் போவது? மாற்றி மாட்டினால்?

என் மனைவி செல்வி உள்ளே போய், ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். ஒரு குழாய்க்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குக் கறுப்பு. புது டப்பாவின் மூக்குகளிலும் அதே மாதிரி ஒட்டினாள். "இப்பக் கழட்டுங்க" என்றாள். எந்தக் காலேஜில் படித்தாளோ தெரியாது.

குழாய்கள் வெயிலில் காய்ந்து இறுகிப் போயிருந்தன. இழுத்தால் வரவில்லை. சுடுதண்ணீரில் துணியை முக்கிச் சுற்றிவைத்தாள், அசைந்துகொடுத்தது. ஒரு போல்ட் நழுவி இஞ்சினுக்கு அடியில் எங்கோ விழுந்தது. முக்கால் மணி நேரம் மல்லாந்து படுத்துத் தேடினேன். முட்டியில் தோல் போனது, சட்டை போனது, மானம் ஏற்கனவே போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், வண்டிய விக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருவழியாகப் பழைய டப்பா கையோடு வந்தது. கரித்தூள் டப்பா இம்புட்டுக் கனமாகவா இருக்கும்? தள்ளிப் போய்ப் பாண்டிக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம், அவர் கத்தித்தான் பேசினார்.

"ஆட்டிப் பாருங்கண்ணே. தளும்புதா?"

தளும்பியது.

"அப்ப பெட்ரோலக் குடிச்சுருச்சுண்ணே. அது ஆவிய மட்டுந்தான் பிடிக்கணும், பெட்ரோலே உள்ள வந்தா செத்துரும். டேங்க்க முட்ட ஊத்துவீங்களோ?"

டப்பாவைக் கீழே வைத்தேன்.

ஊற்றுவேன். எனக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. பங்க்கில் ஊற்றும்போது டேங்க் நிறைந்ததும் 'டக்' என்று தானாக நிற்கும் இல்லையா? அங்கே நிறுத்துகிறவன் ஏமாளி என்பது என் கட்சி. இறங்கிப் போய், வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டி, காற்றை வெளியேற்றி, கழுத்து வரைக்கும் பெட்ரோல் மினுமினு என்று தெரிகிற வரை ஊற்றச் சொல்வேன்.

"டேங்க்குக்கு மூச்சு விடக் கொஞ்சம் எடம் வேணும்ணே. டக்குன்னு நின்னா விட்டுறணும். இனிமே முட்ட ஊத்திராதீங்க, புதுசும் போயிரும்."

சரி என்றேன். திரும்பி வந்ததும் செல்வி கேட்டாள். "எதுனால போச்சாம்?"

எண்ணெய்க் கையோடு அவள் நின்ற நிலையைப் பார்த்தேன். காலையில் இருந்து என்னோடு வெயிலில் நின்றவள். என்னால்தான் போனது, போன மாதம் உன் மகள் வாந்தி எடுத்தது என் கைவேலை என்று எப்படிச் சொல்வது? "பழைய பார்ட்டு மட்டமாம்" என்றேன். எம்புட்டுச் சுலபமாக வந்தது அந்தப் பொய்.

சாயந்திரம் எல்லாம் மாட்டி வண்டியை எடுத்தேன். திருப்பரங்குன்றம் வரை போய் வந்தோம். வாடை இல்லை. துளிகூட இல்லை. மஞ்சள் லைட்டும் அணைந்திருந்தது. செல்வி கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மோந்து பார்த்துவிட்டு, "பரவால்லங்க" என்றாள். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் கொடுத்த பெரிய பட்டம் அது.

அங்கேயே இந்தக் கதை முடிந்திருக்கக் கூடாதா?

ஞாயிறு காலை. வாடிப்பட்டி போகிற வழியில் பங்க்கில் நிறுத்தினேன். ஊற்றியது, 'டக்' என்று நின்றது. பையன் குழாயை எடுக்கப் போனான். பின் சீட்டில் தாம்பாளமும் வளையல் பெட்டியுமாக உட்கார்ந்திருந்த செல்வி சொன்னாள்.

"நெறைய ஊத்தச் சொல்லுங்க. சூலிப் பிள்ளையக் கூட்டப் போறோம், எதுவும் கொறையா இருக்கக் கூடாது."

நம் ஆட்களுக்கு நிறைவு என்றால் வழிய வேண்டும். படியில் அரிசி அளந்தால் கூம்பாக நிற்க வேண்டும், தலை தட்டினால் கஞ்சன். பானையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தால்தான் பொங்கல். அவள் சொன்னதில் என்ன தப்பு? அவளுக்குத்தான் தெரியாதே. தெரிந்தவன் ஒருத்தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் நேற்றுச் சொன்னது பொய் என்று ஆகும். ஒரு தடவைதானே, ஒரு தடவையில் என்ன ஆகிவிடப் போகிறது?

"முட்ட ஊத்துப்பா" என்றேன். அதோடு விட்டேனா? பழக்கதோஷம்... இறங்கிப் போய் நானே வண்டியை ஆட்டினேன்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். ஏழு வகைச் சோறு. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும் என்று மூன்று மணிக்குக் கிளம்பினோம். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கள நம்பித்தான் அனுப்புறோம், பாத்து" என்றார்.

மூன்று கிலோமீட்டர்தான் போயிருப்போம். நாலு வழிச் சாலை போடுகிறார்கள் அல்லவா, ஜல்லியும் மண்ணுமாக வண்டிகள் ஊர்ந்தன. வண்டி விக்கியது. மஞ்சள் லைட் மறுபடி எரிந்தது. அப்புறம் அந்த வாடை, முன்னைவிட இரண்டு மடங்காக. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், நான் மோந்து பார்க்காவிட்டால் அது இல்லை என்று ஆகிவிடும் என்பதுபோல.

"அப்பா, நிறுத்துங்க."

ரோட்டு ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ஏழு வகைச் சோறும் போனது. வளையல் போட்ட இரண்டு கையும் வயிற்றில். ஏற்றினோம், மறுபடி நிறுத்தினோம். மூன்றாவது தடவை, "வயிறு இழுத்துப் பிடிக்குதும்மா" என்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

திரும்பிப் போகலாம் என்றேன். கிளம்பின பிள்ளை திரும்பி வாசல் மிதிக்கக் கூடாது என்றாள் செல்வி. பெரிய முகூர்த்த நாள், தெரிந்த டாக்சிக்காரருக்குப் போன் போட்டால் கல்யாணத்தில் இருக்கிறேன் என்றார். அப்போதுதான் அந்த பஸ் வந்தது. செல்வி கையைக் காட்டி நிறுத்தினாள். வளையலைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் எழுந்து முன் சீட்டைக் கொடுத்தார்கள்.

ஏறுவதற்கு முன் கவிதா என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செல்விதான் சொன்னாள். "அப்பாவ ஒண்ணும் சொல்லாத. அவரு ஒனக்காக நாள்பூரா மண்ணுல பெரண்டு செஞ்சாரு. பார்ட்டுதான் மட்டம்."

அதைவிட என்னை அவள் அறைந்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் பார்த்த அந்த ஊர்வலம். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் என் உயிர் இறங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த வளையல் கை மட்டும் வளைவுகளில் தெரிந்தது. அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆரப்பாளையம் வரை வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா பார்த்தார். குழந்தைக்கு இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் பதினைந்து நாள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்றார். "யாரு இவங்கள பஸ்ல கூட்டி வந்தது?" என்று கேட்டார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

செல்வி மகளின் கட்டில் ஓரத்திலேயே இருக்கிறாள். என் மேல் ஒரு சொல் கிடையாது. கோபம் எல்லாம் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் மேல்தான். "இந்த வாரம் போகட்டும். திங்கக்கெழமை அந்தக் கடைக்குப் போயி அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் நாலு பேரு பாக்க நல்லாக் கேக்கப் போறேன்" என்கிறாள். அந்த டப்பாவைக் கழற்றித் தரச் சொல்லி, பை ஒன்றும் எடுத்து வைத்துவிட்டாள். செவ்வாயில் இருந்து நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் காபி கேட்டேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் படிப்பது அவள்தான். உங்களுக்கு எல்லாம் நான் சொன்னது கதை, அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி.

செல்வி, அந்தக் கடைக்குப் போகாதே.