என் மகளின் இன்னொரு அம்மா

அந்த அம்மாள் மீது எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

தானும் திருநங்கையான அவர், சேலத்துப் பக்கம் திருநங்கைகளுக்குப் பெரிய ஆள். ரேஷன் கார்டுக்காகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர். அடையாள அட்டை, வீட்டுமனைப் பட்டா என்று ஒவ்வொன்றாகப் போராடி வாங்கிக் கொடுத்தவர். பேப்பரில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, எருமப்பட்டியில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்களிடம் நானே மெச்சிப் பேசியிருக்கிறேன். அப்போது என் பிள்ளை என் வீட்டில், என் மகனாக இருந்தாள்.

பிறகு, தான் மகள்தான் என்று சொல்லிவிட்டு, அயோத்தியாப்பட்டணத்தில் அவர் வீட்டுக்கே போய்விட்டாள். அவரை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள். போனில் பேசினால் அம்மா சொன்னாங்க, அம்மா வாங்கித் தந்தாங்க என்றே பேச்சு. எனக்கு வயிறு எரியும். ஊருக்காக எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கட்டும், என் பிள்ளையை இவருக்கு யார் கொடுத்தது?

நான்தான் கொடுத்தேன். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் மகள் என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள், கூட வந்து இருக்கச் சொன்னாள். அரையாண்டுப் பரீட்சை, லீவு கிடைக்காது என்றேன். பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் தாய் என்று கையெழுத்துப் போட்டது அந்த அம்மாள்.

அவர்கள் வழக்கப்படி, அதன்பின் நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது. கடைசி நாள் மஞ்சள் நீராட்டிப் புடவை கட்டிவிட்டு, தாயாக இருப்பவர் கண்ணாடி காட்டுவார். அந்த விசேஷத்துக்கு என்னையும் ஒரு உறவுக்காரி மாதிரி கூப்பிட்டிருந்தார்கள்.

நான் அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள், அவர் எடுத்த பச்சைப் புடவையில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஆத்திரத்தில் நான் பையைத் திறக்கவே இல்லை. குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். புடவை மடிப்பு நேர்த்தியாக இருந்தது. மகள் நன்றாகச் சதை பிடித்திருந்தாள். அத்தனை நாளும் அவரே வெந்நீர் ஊற்றிவிட்டு, கஞ்சி ஊட்டினார் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். நான் கேட்டேனா?

அந்த அம்மாள் சாமி படத்துக்கு முன்னால் இருந்த கண்ணாடியை எடுத்தார். மகளிடம் போவார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தார்.

“நாப்பது நாளு நான் பாத்துக்கிட்டேன். இத நீங்க காட்டுங்க.”

நாலு பேர் மெச்சட்டும் என்றுதான் கொடுக்கிறார் என்று பட்டது. ஆனாலும் வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன்.

மகள் வெகுநேரம் பார்த்தாள். மூக்கைத் தொட்டாள், தாடையைத் தடவினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, நா உன்னயாட்டவே இருக்கறன்.”

சுற்றிலும் குலவை போட்டார்கள். அந்த அம்மாள் மட்டும் வெறுங்கையோடு நின்று, என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. அந்தப் பார்வை என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது இனித்தது. கண்ணாடியை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.