அத்தான் அசையாமல் நின்ற ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு இணையம் இழுப்பதற்குக் காரணம் மலையூரான பெரகலவின் மூடுபனிதான் என்று அப்பா நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். சந்தியில் அவருக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளோடு பேசத் தோட்டத்துச் சனங்கள் அங்கேதான் வருவார்கள். கடைக்குப் பின்னால் சில படிகள் ஏறினால் வீடு. கடையில் இருந்த ரவுட்டரிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கம்பி இல்லாமல் இணைப்பு வரும், வர மனமிருந்தால். நான் சுட்ட குண்டு போய்ச் சேர்வதற்குள் எதிரி என்னைச் சுட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான்.

அந்தத் துப்பாக்கி விளையாட்டை எனக்குப் பழக்கிவிட்டவர் அத்தான். அத்தையின் ஒரே மகன். கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிறு மத்தியானங்களில் அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே அணியில் ஓடுவோம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே சுடுவோம். பத்து வயதுப் பெண்பிள்ளை துப்பாக்கி தூக்குவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அத்தைக்கு மட்டும் அதில் ஆட்சேபம் கிடையாது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்தாள். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதால் காலையிலேயே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மகனின் குரலைக் கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டாள். அது யுத்த காலம். கொழும்பில் தமிழ்ப் பையன்கள் தங்கும் அறைகளை ஆமியும் பொலிஸும் நேரம் காலம் இல்லாமல் சோதித்தார்கள். கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. இதெல்லாம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய சங்கதி. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை ஹெட்ஃபோனைக் கோணலாக மாட்டிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி, “கதவப் பூட்டிக்கிட்டு இருப்பா” என்று கத்துவாள் என்பதுதான்.

அந்த ஞாயிறும் அத்தை பேசிவிட்டுச் சாப்பிடப் போனாள். விளையாட்டு வழக்கம்போல் விக்கி விக்கி ஓடியது. அப்பா பனியைக் குறை சொன்னது அத்தானுக்குக் கேட்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னார்: “பனி இல்ல மாமா, ஒங்க சுவருதான். அந்த ஈயத்தாள உரிங்க மொதல்ல.”

எங்கள் நடுச்சுவர் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளால் அடித்தது. பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாள் குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று அதையும் அப்படியே விட்டிருந்தோம். கடையிலிருந்து வரும் இணைப்பு அந்தச் சுவரைத் தாண்டித்தான் கம்ப்யூட்டருக்கு வரவேண்டும். அத்தான் சொன்னதை நான் அப்படியே சொல்ல, அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு சுரண்டத் தொடங்கினார்.

அவர் பாதி உரித்திருப்பார். ஹெட்ஃபோனில் அத்தானின் குரல், “இரு பாப்பா, யாரோ…” என்று வந்து, கரகரவென்று தேய்ந்து நின்றது. திரையிலும் அவருடைய ஆள் ஒரு சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான். “அப்பா, அத்தான் நிக்கிறாங்க, சீக்கிரம் உரிங்க” என்றேன். அப்பா வேர்க்க விறுவிறுக்க முழுவதையும் உரித்துப் போட்டார்.

இணைப்பு சீராகிவிட்டது. எல்லாரும் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். சத்தமெல்லாம் துல்லியமாகக் கேட்டது. அத்தானின் ஆள் மட்டும் அசையவில்லை. யாரோ சுட்டார்கள், விழுந்தான். உயிர் பெற்று வந்தான். வந்த இடத்திலேயே நின்றான். மறுபடி சுட்டார்கள்.

கையில் சோற்றோடு அத்தை வந்து நின்றாள். “ஏன்டி அவன் மட்டும் நிக்கிறான்?”

“லேக் அத்தை, லைன் இழுக்குது. இப்ப சரியாயிரும்.”

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்து அத்தானின் எண்ணை அழுத்தினார்.

என் காதுக்குள் மணி அடித்தது. அத்தானின் போன் அந்த அறையில் கிடந்து பாடியது, அவருடைய மைக் வழியாக எனக்குக் கேட்டது. அதன் பின்னால் மின்விசிறி சுற்றும் ஓசை, தூரத்தில் ஒரு ஆட்டோ. அப்பா இங்கே அழுத்த, அங்கே அடிப்பது எனக்குப் பெரிய வித்தையாக இருந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

போனை விட்டுவிட்டு அத்தான் கடைத்தெருவுக்குக்கூடப் போகமாட்டார் என்பது அத்தைக்குத் தெரியும். அவள் கையிலிருந்த சோறு உலர்ந்துகொண்டிருந்தது. மணி அடித்து ஓய்ந்தது. “இன்னொருக்கா அடிங்கப்பா” என்றேன். அப்பா மறுபடி அழுத்தினார். மறுபடி அந்தப் பாட்டு, ஆளில்லாத அறை, மின்விசிறி.

அதற்குப் பிறகும் அழுத்தினார். இந்த முறை பாட்டு பாதியில் நின்றது. அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ மைக்குக்கு மிக அருகில் மூச்சு விட்டார்கள். திரையில் சுவரைப் பார்த்து நின்ற ஆள் சட்டென்று மறைந்தான்.

“தம்பி, அவன்தானா?” என்று அத்தை அப்பாவிடம் கேட்டாள். அப்பா அன்றிரவே கொழும்புக்குப் பஸ் ஏறினார். அதன்பின் எத்தனையோ தடவை போனார். அத்தானை இன்றுவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் அத்தைக்கு நான்தான் பதில் சொன்னேன். “ஆமா அத்தை, அத்தான் வந்துட்டாங்க. அவங்கதான் போனை நிப்பாட்டினாங்க.” அத்தை என் தலையைத் தடவிவிட்டுப் போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். நிறுத்தியது அத்தான்தான் என்பதில் அன்று எனக்குத் துளியும் சந்தேகமில்லை.