குரங்கைக் கூப்பிடச் சொன்னவர்

செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படியில் வெள்ளரிக்காய் விற்ற அந்த அம்மாள், புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். காயைக் கீறி, மிளகாய்த்தூள் தடவி, பூவரச இலையில்தான் தருவார். யாராவது கவர் கேட்டால், "கையி இன்னாத்துக்கு இருக்குது?" என்பார்.

நான் சிப்ஸ் தின்றுவிட்டுக் கவரைப் பாறையில் போட்டேன். ஒரு குட்டிக் குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறிக் கடித்து மெல்லத் தொடங்கியது.

"மசாலா ருசிக்குக் கவரையே முழுங்கிடும், நைனா! போன மாசம் ஒண்ணு அப்படித்தான் செத்துச்சி." அவர் பதறி எழுந்து ஒரு காயை என் கையில் திணித்தார். "நீ போட்டது, நீயே வாங்கு. கூப்புடு!"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். "வாடா ராஜா! வாடா கண்ணு!" என்று மலையே அதிரக் கத்தினேன். குட்டி பாய்ந்து வந்து காயைப் பிடுங்கியது. கவர் என் காலடியில் விழுந்தது! படியில் நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"கொரலு இருக்குதே உனக்கு!" என்று அவர் சிரித்தார். பிறகு மெதுவாக "ஏய்" என்றார். உடனே அந்தக் குட்டி அவர் மடியில் வந்து உட்கார்ந்தது.

அவரே கூப்பிட்டிருக்கலாமே, என்னை ஏன் கூப்பிடச் சொன்னார்? கேட்க நினைத்தேன். அதற்குள் படியில் பாட்டிலை வீசிய ஒருவரைப் பார்த்து, "சார், அத எடுங்க!" என்று கத்திவிட்டேன்.