நிறுத்தும் பட்டன் இல்லாத படம்

என் புத்தியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்ப்யூட்டரில் மின்சுற்றுப் படம் வரையும் மென்பொருளை, தீபாவளிக்குச் சட்டை எடுப்பதுபோல் பளபளப்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், லுக்குட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நான் வயர்மேன். இடி விழுந்து தண்ணீர் பம்பை இயக்கும் மின்பெட்டி கருகிப்போனதால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. புதுப் பெட்டி செய்ய, லுக்குட் பட்டறைக்கார அண்ணன் படம் கேட்டார். கையால் வரைந்து நீட்டினேன்.

"இது என்னலா, மீ கோரெங்கா?" என்றார், என் கோடுகளை வறுத்த நூடுல்ஸாகப் பார்த்து.

கம்ப்யூட்டரில் வரையலாம் என்று எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர், கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயாவின் பொறுப்பு. அவர் சிரம்பானிலிருந்து இரண்டு டிஸ்க் வாங்கிவந்தார். இரண்டிலும் இலவச மென்பொருள். ஒன்று வண்ண வண்ணமாக மின்னியது. மற்றதில் கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். நான் வண்ணத்தில் விழுந்தேன்.

"தம்பி, உமக்கு வடிவுதான் முக்கியம் போல" என்றார் ஐயா.

நாள் முழுக்க வரைந்து முடித்தால், அச்சடிக்க மறுத்தது. இலவசமாக வரைய இத்தனை உறுப்புகள்தான் என்று ஒரு கணக்காம். என் படத்தில் ஒன்று கூடுதல். யோசித்து, நிறுத்தும் பட்டனைத் தூக்கினேன். பழைய பெட்டியில் அது உடைந்து வருஷக்கணக்காகிவிட்டதே! தொட்டி வழிந்தால் லயத்துப் பெண்கள் கத்துவார்கள், நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுப்பேன். அதுதான் எங்கள் ஏற்பாடு.

பட்டறை அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்ட பட்டன் இருக்கு. நிப்பாட்ட?"

"லயத்துல கத்துவாங்கண்ணே."

"அப்ப அவங்களையும் படத்துல போடுலா!"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கறுப்புத் திரையிடம் போனேன். என்ன அருமையான சாமான் அது! ஒரு உறுப்பை நகர்த்தினால், அதில் மாட்டிய கம்பிகள் அறுந்துபோகாமல் கூடவே நகர்ந்தன. கணக்கு வழக்கு கேட்கவில்லை. எத்தனை வரைந்தாலும் வாங்கிக்கொண்டது, நிறுத்தும் பட்டனையும் சேர்த்து. எங்கேயோ ஒரு மகராசன் ராப்பகலாக உட்கார்ந்து எழுதி, முகம் தெரியாத எனக்குச் சும்மா கொடுத்திருக்கிறான். பிரிண்டர் கரகரவென்று துப்பிய தாளைப் பார்த்து, நானா வரைந்தேன் என்று எனக்கே மலைப்பு. பட்டறை அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையைத் தொடங்கினார்.

புதுப் பெட்டி வந்தது. பச்சைப் பட்டனை அமுக்கினேன். லயத்துக் குழாய்களில் தண்ணீர் சீறியது. தொட்டியும் நிரம்பியது. "வழியுதுலா!" என்று பெண்கள் கத்த, பழக்கதோஷத்தில் நான் பாய்ந்து ஓடினேன்.

"ஐயா, மெயின் சுவிட்சை இழுத்துடவா?"

கிராணி ஐயா பெட்டியைக் காட்டினார்.

"சிவப்பை அமத்தும்."