கெஸ்ட் ஹவுஸ் தரை குலுங்கிய நாள்

ஊரிகம் மேட்டில் வெள்ளைக்காரன் கட்டிய கெஸ்ட் ஹவுசில் ரூம் கூட்டி, படுக்கை விரிக்கிற வேலை எனக்கு. அஞ்சாம் கிளாசோடு நின்றவளுக்கு அதுவே பெரிசு. மைன்ஸைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். வந்ததும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்பது சமையல்காரர் வைத்த முறை: தரை குலுங்கினால் பயப்படாதீங்க, பூமிக்கு அடியில் பாறை வெடிக்குது, இங்கே அது சகஜம். நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம்.

மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். சிரித்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது வந்தது. எப்போதும் வருகிற மாதிரி இல்லை. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

“ஒண்ணுமில்லீங்கம்மா, தினமும் வர்றதுதான்,” என்றேன்.

“அப்ப கீழ இருக்கறவங்க?”

வந்து தங்கியவர்கள் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை.

“எங்க வூட்டுக்காரரும் கீழதாங்க இருக்காரு.” வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. சாம்பார் பரிமாறிக்கொண்டே சொன்னேன். சும்மா நாளிலேயே, அவர் வர அரைமணி பிந்தினால் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்ப்பேன். அன்றைக்கு எதுவுமே தோன்றவில்லை.

சமையல்காரர் கரண்டியை வாங்கிக்கொண்டார். “போ. நீ போயி ஆளத் தூக்குற கேஜையா இழுக்கப் போற? இங்க நின்னா தட்டத்தான் உடைப்ப, அதான் போங்குறேன்.”

சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் பொம்பளைகள் நின்றிருந்தார்கள். அங்கே நின்று புருஷன் பேச்சை எடுக்கக்கூடாது, ஆகாது என்பார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துச்சா என்று பேசினோம். கேஜ் வந்தது, அதில் அவர் இல்லை. மறுபடி வந்தது, அதிலும் இல்லை. இறங்கினவர்கள் முகமெல்லாம் ஒரே தூசி. “மூஞ்சி கழுவினாத்தாண்டி எது யாருதுன்னு தெரியும்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போல.

பிறகு வந்த கேஜில் அவர் இருந்தார். உடம்பெல்லாம் கல்தூள்.

“கெஸ்ட் ஹவுஸ்ல சொல்லிட்டு வந்தியா?”

“சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

மைன்ஸ்காரர்களுக்குக் கொடுத்த லைன் வீடு வரைக்கும் நடந்தோம். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: “சரிஞ்சது பக்கத்து லெவல் சுரங்கந்தான். நாளைக்கு அங்க முட்டுக் குடுக்க எங்க கேங்கத்தான் அனுப்புறாங்களாம்.”

“சரி,” என்றேன். காலையில் சாப்பாட்டுக்கு இன்னா கட்டித் தரட்டும் என்று கேட்டேன்.