ஜெனரல் போன பக்கவாசல்

நான் வந்து குடியேறிய ஊரில், துறைமுகக் கிடங்கில் என்னோடு ஒரு போலந்துக்காரர் வேலை செய்தார். மூத்தவர், அண்ணை என்பேன். எங்கள் பேச்சு அரைகுறைப் பிரெஞ்சில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அவர் பாரிசில், போலந்துத் தூதரகத்தில் கார் ஓட்டியவர். போலந்து ஜெனரல் தன் சனத்தை அடக்கியபோது பிரான்ஸ் பெரிய குரலில் கண்டித்தது. சில வருசம் கழித்து அதே ஜெனரலை ஜனாதிபதி மாளிகைக்குக் கூப்பிட்டது. பக்கவாசலால். அன்று காரை ஓட்டியது அண்ணைதான்.

"வாயாலை ஏசிப்போட்டு ஒளிச்சுக் கூப்பிட்டவை," என்பார்.

"அந்தாள் கள்ளன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"கள்ளன்தான். ஆனா எங்கடை கள்ளன். அவமானப்படுத்த நாங்கள் இருக்கிறம்."

எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களும் இப்படித்தான்.

அவர் மகள் விரும்பியது, வேறு ஆள் கிடைக்காததுபோல், பிரான்சிலிருந்து வந்த குடும்பத்துப் பெடியனை. நகருக்கு வெளியே கர்க்லாண்டில் அவர்கள் வீடு. கல்யாண நாள் குறிக்க ஒரு ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டார்கள். மகள் முன்னமே போய்விட்டாள். அண்ணையை நான் காரில் ஏற்றிப் போனேன்.

முன்படியில் முழங்கால் அளவு பனி. அங்கே வீட்டு ஆட்கள் கராஜால்தான் போய்வருவார்கள். முன்கதவு பார்சல்காரனுக்கு. சம்பந்தி கராஜைத் திறந்து கைகளை விரித்தார்.

"இதாலை வாங்கோ!"

அண்ணை நின்றுவிட்டார். "முன்கதவைத் திறக்கச் சொல்லு," என்றார் என்னிடம். சம்பந்தி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியும். ஆனாலும் நடுவில் ஒரு தூதர் வேண்டுமாம்.

"முன்னுக்குப் பனி. இது சொந்தக்காரர் வாற வழி," என்றார் சம்பந்தி.

"அண்டைக்கும் ஏதோ சாட்டுச் சொன்னவைதான்."

மகள் கோட்டும் போடாமல் வெளியே வந்தாள். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சிலேயே சொன்னாள்.

"அப்பா, அண்டைக்கு ஜெனரலாவது உள்ளுக்கை போனவர். நீங்கள் காருக்கை இருந்தனீங்கள். இண்டைக்குக் கூப்பிடுறது உங்களை. நீங்கள் வராட்டி நான் நாள் குறிக்கேல்லை. கல்யாணமும் இல்லை."

அண்ணையின் காது சிவந்தது. குளிராகவும் இருக்கலாம்.

பனி அள்ளும் சவள் கராஜுக்குள் தொங்கியது. அதை எடுக்க அவர் உள்ளே போகத்தான் வேண்டியிருந்தது. யாரும் சொல்லிக் காட்டவில்லை. எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கோட்டும் டையுமாக முன்படிப் பனியை வெட்டத் தொடங்கினார். சம்பந்தி உள்ளே ஓடி, முன்கதவைத் தள்ளித் திறந்து, விளக்குமாற்றால் மேலிருந்து கூட்டினார். இருவரும் நடுப்படியில் சந்தித்தார்கள். கைகொடுக்க மூச்சு இல்லை.

நான் கராஜால் போய்ச் சாப்பாட்டு மேசையில் இருந்துவிட்டேன். எனக்குப் பசி.

கல்யாணத்தை ஜூலை மாதம் வைத்தார்கள். பனி இராது.