நான் அழித்த ஃபோல்டர்

யேசுவடியானுக்கு வேலை போனது என்னால்தான். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் கடைசி. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி. கணிதம் படித்த நான் அங்கே கணினி பார்த்தேன். யேசுவடியான் அங்கே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எந்த சைஸுக்கு எத்தனை அடுக்குத் துணி விரித்தால் வீணாகாது என்று ஓர் இலவசக் கணித மென்பொருளில் கணக்குப் போட ஆசைப்பட்டேன். முதலாளியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டாமா!

அந்த மென்பொருள் தனக்கு வேண்டிய அத்தனையையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்திருக்கும். ஆனால் விடை முழு எண்ணாக வர, பேக்கேஜ் என்று ஒரு துணை நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ வேறு பதிப்புக்கானது. வம்படியாக ஏற்றினேன். அது சோதனையில் தவறிவிட்டதாகத் திரையின் கடைசி வரி எச்சரித்தது. படித்தேன்... படித்தும் பொருட்படுத்தவில்லை. ஏன்? எனக்கே தெரியவில்லை.

வந்த எண்களை நான் வாசிக்க, மாஸ்டர் மேசை ஓரத்தில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். கூட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெட்டி முடித்து, சாக்பீஸ் எண்களோடு மேசையைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. பெரிய சைஸ் ஆர்டரில் கேட்டதில் பாதிகூட இல்லை, சின்ன சைஸ் குவிந்து கிடந்தது. துணியும் தீர்ந்துவிட்டது!

"அம்மணி, கம்ப்யூட்டர்ல அந்தக் கணக்க எடுத்து வைங்க, வர்றேன்" என்று முதலாளி கீழிருந்து குரல் கொடுத்தார்.

படியில் செருப்புச் சத்தம். ஏற்றிய பேக்கேஜை மட்டும் கழற்ற வழி தெரியவில்லை. ஃபோல்டரையே அழித்தேன். எல்லாம் அதற்குள்ளேயே இருந்ததால் தடயமே இல்லாமல் போயிற்று.

"அழிஞ்சு போச்சுங்க... ஆனா நான் சரியாத்தானுங்க வாசிச்சேன்" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "மிஷின் தப்பு பண்ணாதுல்லா மொதலாளி, நாந்தான் மாத்தி எழுதிருப்பேன்" என்றார்.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா?

போன மாதம் கடைவீதியில் எதிரே வந்தார். ஒளிய இடமில்லை! எங்கோ வாட்ச்மேனாக இருக்கிறாராம்.

"வெட்டுறத அதோட விட்டுட்டேம்மா. எங் கை மேல எனக்கே நம்பிக்க போயிட்டு" என்று சிரித்தார்.

சொல்லிவிட வாயெடுத்தேன்... "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மாஸ்டர்" என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வழியாக நான் போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.